மேல் துருதான்!

துருவைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற மனிதர்களைத்தான் நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். துருவைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, உதட்டுக்குள்ளேயே சிரித்துக்கொள்கிற ஓர் இனம் உண்டு. எங்கள் மிச்சிகன் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். ஏரிக்காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டுகிறது, ஊராட்சி அந்தப் பனியின்மேல் உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அந்த உப்பு வண்டிகளை அடியிலிருந்து தின்றுகொண்டே மேலே வருகிறது. ஆகவே இந்த இனத்துக்கு இங்கே தீனிக்குப் பஞ்சமில்லை. நாங்கள் இவர்களுக்கு வைத்திருக்கிற பெயர் மேல்துருக்காரர்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு சோளக் கொல்லையின் ஓரத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி கிடக்கும். அதன் தரையைப் பிளந்துகொண்டு புல் வளர்ந்திருக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டு, 'என்ன வேணும்?' என்று பார்க்கும். கொல்லைக்காரர், "எடுத்துட்டுப் போனாப் போதும்" என்பார். மேல்துருக்காரர் மண்டியிடுவார். கதவை விரலால் தட்டுவார். விரல் உள்ளே போகும். விரலைத் தொடர்ந்து மணிக்கட்டும் போகும். கையை மெதுவாக வெளியே எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சொல்வார்:

"மேல் துருதான்."

அவ்வளவுதான். அந்த வண்டி அவர் வீட்டுக்கு வந்துவிடும். கோழி மட்டும் வராது. அதற்கு விவரம் உண்டு.

லைல் ஹூக்ஸ்ட்ரா வீட்டுக்கு வில்மா வந்ததும் இப்படித்தான். வில்மா என்பது அந்தப் பிக்கப்பின் பெயர். நாலு புது டயர் வாங்குகிற காசுக்குக் கிடைத்தது. டயர் மட்டும் அதில் கிடையாது. லைல் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆலையில் மேஸ்திரி, சர்ச்சுக்குத் தவறாதவர், குடிக்காதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். குறை என்று சொன்னால் ரத்தத்தில் இருப்பதுதான்.

ஹூக்ஸ்ட்ரா வம்சத்தை நான் அறிவேன். லைலின் தாத்தா கெரிட், வைக்கோல் கட்டுகிற இயந்திரம் ஒன்றைக் களஞ்சியத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு பின் வந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின் வருவதற்குள் அதன் நடுவிலே ஒரு மேப்பிள் மரம் முளைத்து, வளர்ந்து, இயந்திரத்தையே இரண்டு முழம் தூக்கிவிட்டது. பெரியப்பா பெரெண்ட் களஞ்சியத்துக்குள் ஒரு படகைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்; பெரிய மகள் கல்யாணத்தை அதே களஞ்சியத்தில் வைத்தபோது படகை நகர்த்த மனம் வராமல், மணமக்களைப் படகுக்குள் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கல்யாணம் கடலில் நடந்ததா என்று கேட்பார்கள். லைலின் அப்பா கிளாரன்ஸ் புல்வெட்டி ஒன்றைப் பிரித்துக் காப்பி டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மா வழியில் ஒருவரும் இப்படிக் கிடையாது. அவர்கள் உடைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற ஜனங்கள்.

வில்மா ஷெட்டுக்குள் போனாள். ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஆகவே லைலின் மனைவி மார்லிஸின் கார் வெளியே வந்தது.

சனிக்கிழமையானால் லைல் ஷெட்டுக் கதவை உயர்த்துவார். எங்கள் பக்கத்தில் உயர்த்திய ஷெட்டுக் கதவு என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி; அழைப்புக்கு வேறு வார்த்தை வேண்டாம். தெருவிலுள்ள ஆண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்கள். டயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற மரக்கட்டையை ஓர் உதை உதைப்பார்கள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள் போல என்ஜினை எட்டிப் பார்ப்பார்கள். "ம்" என்பார் ஒருவர். "ம்" என்பார் இன்னொருவர். மூன்றாவது "ம்" ஆனதும் கலைந்து போவார்கள். ஒருவரும் ஒரு நட்டைக்கூடத் திருக மாட்டார்கள். அதற்குப் பெயர்தான் வேலை பார்ப்பது.

"எப்ப ஓடும்?" என்று யாராவது கேட்டால் லைலிடம் ஒரே பதில்தான் உண்டு. "அடுத்த கோடைக்கு. இன்னும் ஒரே ஒரு பாகம் வரணும்." எந்தக் கோடை? எந்தப் பாகம்? அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

மார்லிஸுக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். பனிக்காலம் முழுவதும் அவள் காரின் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். சுரண்டுகிற தகடு உடைந்துபோனால் தோசைக் கரண்டி போன்ற அடுப்படிக் கரண்டியால் சுரண்டுவாள். ஜன்னல் வழியாக லைல் மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் உறைமழை பெய்து நாலு கதவும் உறைந்து ஒட்டிக்கொண்டன. மார்லிஸ் டிக்கி வழியாக உள்ளே புகுந்து, சீருடையோடு, பின்சீட்டைத் தாண்டி, முன்சீட்டைத் தாண்டி, தலைகீழாக ஸ்டியரிங்குக்கு வந்து சேர்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருவர் கை தட்டினார்.

அன்று சாயங்காலம் பட்டாணி சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. மார்லிஸின் தம்பி டுவேனும் சாப்பிட வந்திருந்தான்.

"லைல், ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. அது எதுக்கு ஷெட்டுக்குள்ள இருக்கு?" என்றாள் மார்லிஸ்.

"வில்மாவா? நனைஞ்சாத் துருப்பிடிச்சிடுமே."

"இனிமே துருப்பிடிக்க அதுல இடம் எங்க இருக்கு? ஓடற வண்டி வெளிய விறைக்குது, ஓடாத வண்டி உள்ள போத்திக்கிட்டுத் தூங்குது. அதுக்குப் பேரு வில்மா. எனக்குப் பேரு 'ஏய், சாவியப் பாத்தியா'."

"இன்னும் ஒரே ஒரு பாகம் தாம்மா..."

டுவேன் எழுந்து போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காற்றாலை பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்; லைலும் பின்னாலேயே போனார். இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும், பட்டி பூசி மூடியிருந்தால் ஒட்டாது. கதவில் வைத்தான், விழுந்தது. மட்கார்டில் வைத்தான்; விழுந்தது. கடைசியில் பானெட்டின் நடுவில் ஓரிடத்தில் ஒட்டியது. அதைப் பெருமையோடு பார்த்தார் லைல்.

"மச்சான், இது பிக்கப்பா, பட்டியில புடிச்ச பிள்ளையாரா?" என்றான் டுவேன்.

"அஸ்திவாரம் கெட்டிடா. உனக்கென்ன தெரியும்!"

மார்லிஸ் ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் லைலுக்குப் பயமாக இருந்தது.

"கெட்டியா? சரி. செப்டம்பர்ல தொழிலாளர் தின ஊர்வலம் வருதுல்ல. தானிய குடோன்லேருந்து பந்து மைதானம் வரைக்கும் உன் வில்மா வரட்டும். யாரும் தள்ளக் கூடாது, யாரும் இழுக்கக் கூடாது. வந்துட்டா, சாகற வரைக்கும் நான் வெளியவே சுரண்டிக்கிறேன், வாயத் திறக்க மாட்டேன். வரலேன்னா அது காயலான் கடைக்குப் போகுது, என் காரு ஷெட்டுக்குள்ள போகுது. டுவேன், நீதான் சாட்சி."

"நான் சாட்சி" என்றான் டுவேன், கையோடு எடுத்துவந்திருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு. இந்த மாதிரி விஷயங்களில் அவன் பசி அதிகமாகும்.

அந்தக் கோடை முழுவதும் லைல் உண்மையாகவே வேலை பார்த்தார். தெரு ஆண்கள் மிரண்டு போனார்கள். ஒரு ஷெட்டுக்குள் ஸ்பேனர் சத்தம் கேட்பது முறையா? லைல் துருவைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்டத் துரு வந்தது. முழுத் துருவும் போன பிறகு பார்த்தால், அங்கே இருந்ததே துரு மட்டும்தான். அது போனதும் கதவும் போய்விட்டது. இதற்கெல்லாம் அசருகிற இனமா? கோழிவலையை வளைத்து வைத்து அதன்மேல் பட்டி பூசினார். மரக்கட்டைகளை எடுத்துவிட்டு நாலு பழைய டயரை மாட்டினார். தரைக்கு வேறொரு தகடு கண்டுபிடித்தார். மார்லிஸ் ஒரு நாள் கேபினுக்குள் குனிந்து பார்த்தாள்.

"லைல், இது என் பிஸ்கட் சுடற தட்டு."

"இப்ப இது தரை."

"நான் எதுல சுடறது?"

"அதான் காலை வெச்சுப் பாரேன், என்ன கெட்டி!"

ஊர்வலம் திங்கட்கிழமை. சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் சாமான் ஏற்றுகிற பின்பக்கத் தொட்டியைத் தூக்கி, அடிச்சட்டமான சேஸிஸின்மேல் வைத்தாகிவிட்டது. எட்டு போல்ட்டையும் விரலால் திருகி வைத்தார். முறுக்குவதற்கு வேண்டிய பெரிய ஸ்பேனரை டுவேன் இரவல் வாங்கிப் போயிருந்தான். அவன் அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள்; எங்கள் ஊரில் யாரும் கருவியைப் பிடித்து வேலை செய்ய மாட்டார்கள். லைலின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை ஒழுகியபோது, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திங்கள் வரைக்கும் நாற்காலியை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தவர். லைல் ஸ்பேனரை மேசைமேல் கிடத்தச் சொன்னார். பார்த்தார். பார்ப்பது பாவம் இல்லை.

அதற்கு முன்னாலேயே, காலைப் பிரசங்கத்தில், நடக்கக் கூடாதது நடந்துவிட்டிருந்தது. போதகர் ஸ்டைன்ஸ்ட்ரா மீன் வயிற்றுக்குள் போன யோனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் சர்ச்சில் பிரசங்கத்தின் நீளத்தைப் பெப்பர்மிண்டால் அளப்பது வழக்கம். வரிசை நெடுக மிட்டாய்ப் பொட்டலம் கைமாறும். முதல் மிட்டாய் கரைவதற்குள் லைல் மனசுக்குள் முதல் போல்ட்டை முறுக்கிவிட்டார். இரண்டாவது மிட்டாயில் ஐந்தாவது போல்ட். யோனா கரையேறியபோது எட்டும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து இறுக்கம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால்மேல் வைத்திருந்த கை தானாகத் திருகுவதைப் பார்த்து மார்லிஸ் ஒரு கிள்ளு கிள்ளினாள். மாலை ஆராதனையில் இன்னொரு சுற்று. இப்படி அன்றைக்குள் எட்டு போல்ட்டையும் அவர் முறுக்கிய முறுக்கில், மனசுக்குள் நட்டின் மரையே தேய்ந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை லைல் எழுந்தார். ஸ்பேனர் மேசைமேல் கிடந்தது. வேலை முடிந்து வைத்த மாதிரியே கிடந்தது. 'நல்லா முறுக்கியாச்சு' என்று நினைத்துக்கொண்டு, சட்டையை மாட்டினார்.

வில்மா முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டாள். லைலே பயந்து ஓரடி பின்வாங்கினார்.

தானிய குடோன் வாசலில் ஊர்வலம் கூடியது. சர்ச் பேண்டின் பித்தளை வாத்தியக்காரர்கள் மூன்று பேர் ஓடிவந்தார்கள். மூவருமே ஹாம் என்கிற பன்றியிறைச்சி வைத்த பன்னை விரும்பிச் சாப்பிடுகிற கனத்த ஆட்கள்.

"லைல், எங்களைச் சுமக்க வேண்டிய டிராக்டர் கிளம்பலப்பா. உன் வண்டி தாங்குமா?"

தாங்குமா என்று லைலைப் பார்த்துக் கேட்கலாமா? "ஏறுங்க! அந்தக் காலத்து இரும்பு. இப்ப வர்ற வண்டி மாதிரித் தகரம்னு நெனச்சீங்களா?"

ஏறினார்கள். மூன்று நாற்காலி, மூன்று வாத்தியம், முன்னால் சங்கீதத் தாள். ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கொடிகள், பின்னால் தீயணைப்பு வண்டி. மருந்துக் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்த மார்லிஸ், வில்மா அசைந்து அசைந்து வருவதைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்தது. சாகிற வரைக்கும் சுரண்ட வேண்டியதுதான் என்று பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம். லைல் ஆக்சிலரேட்டரை மிதித்தார். வில்மா முன்னால் போனாள். தொட்டி போகவில்லை.

பாத்திரத்திலிருந்து கேக் நழுவுவது போல, பதனமாக, சத்தமில்லாமல் பின்பக்கமாக வழுக்கித் தெருவில் உட்கார்ந்தது. மூன்று பேரும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள்; நிமிரவே இல்லை. நடுத்தெருவில் தொட்டி, தொட்டிக்குள் நாற்காலி, நாற்காலியில் அவர்கள், பாட்டு மூன்றாவது சரணம். தீயணைப்பு வண்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அலங்காரம் செய்த சைக்கிள்களும் சுற்றிக்கொண்டு போயின.

ஜனங்கள் கத்தினார்கள். விரலை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். லைல் கைகாட்டி நன்றி சொன்னார். பின்னால் பார்க்கக் கண்ணாடி வேண்டாமா என்று கேட்கிறீர்களா? அந்த ஒரே ஒரு பாகம்தான் இன்னும் வரவில்லை. பாரம் இறங்கியதும் வில்மா துள்ளிக்கொண்டு ஓடினாள். 'என்ன வேகம், என்ன வேகம்! வாத்தியச் சத்தம்கூடப் பின்தங்குதே' என்று லைலுக்குக் கண் கலங்கியது. இழுப்பார் இல்லாமல், தள்ளுவார் இல்லாமல், பந்து மைதானத்துக்குள் நுழைந்து நிறுத்தினார். இறங்கி, பின்பக்கம் வந்தார்.

சேஸிஸுக்கு அடியில் புல் தெரிந்தது.

டுவேன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மச்சான்! போல்ட்ட முறுக்கலியா?"

"முறுக்கினேன்டா! ஒவ்வொண்ணா முறுக்கினேன். ரெண்டு தரம் முறுக்கினேன்."

"எப்ப?"

லைல் எப்போது என்று நினைத்துப் பார்த்தார். யோனா ஞாபகத்துக்கு வந்தார்.

மார்லிஸ் வந்து சேர்ந்தாள். "காயலான் கடைக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"எதுக்கு? வண்டி வந்துடுச்சே! என்ஜின் இங்க, சக்கரம் இங்க, நான் இங்க."

"உன் வண்டிய நான் இப்பத்தான் மருந்துக் கடை வாசல்ல பாத்துட்டு வர்றேன். இன்னும் வாசிச்சுக்கிட்டு இருக்கு."

வழக்கு போதகர் ஸ்டைன்ஸ்ட்ராவிடம் போயிற்று. அவர் கையிலிருந்த ஹாம் பன்னை முடிக்கும் வரை யோசித்தார். "வண்டி வந்திருக்கு, அதனால காயலான் கடைக்குப் போகத் தேவையில்ல. முழுசா வரல, அதனால ஷெட்டு மார்லிஸுக்கு. வில்மா முற்றத்துல நிக்கட்டும்." பிறகு லைலின் காதோரம் குனிந்து கேட்டார்: "ரெண்டு தரம் முறுக்கினதா சொன்னியே, எந்தப் பிரசங்கத்துல?"

அன்று சாயங்காலம் மார்லிஸ் தன் காரை ஷெட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கதவை இறக்கினாள். மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். நவம்பரில் முதல் பனி விழுந்த காலையில் வீட்டுச் செருப்போடு ஷெட்டுக்குப் போனாள், கண்ணாடி பளிச்சென்று இருந்தது, ஏறினாள், போனாள். வேலை செய்யுமிடத்தில் கிழவர்களெல்லாம், "என்ன மார்லிஸ், இன்னிக்குப் பாடிக்கிட்டே மாத்திரை குடுக்கற?" என்று கேட்டார்கள்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் சனிக்கிழமை என்று ஒன்று வருகிறதே.

பழக்கதோஷத்தில் லைல் ஷெட்டுக் கதவை உயர்த்தினார். தெரு ஆண்கள் வந்தார்கள். கைகள் பாக்கெட்டுக்குள் போயின. டயரை உதைத்தார்கள், நிஜமான டயராக இருந்ததால் கொஞ்சம் ஏமாந்தார்கள். "ம்" என்றார் ஒருவர். அப்போது லைல் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கண்ணை இடுக்கினார். மார்லிஸ் காரின் பின்சக்கரத்துக்கு மேலே, கடுகளவில், பெயிண்டு ஒரு கொப்புளம் விட்டிருந்தது. அத்தனை பனிக்காலம் உப்பில் நின்ற கார் அல்லவா? லைல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சும்மா ஒரு குத்து, மெதுவாகத்தான், குத்திப் பார்த்தார். உள்ளே போயிற்று. பிறகு விரல் போயிற்று. பிறகு மணிக்கட்டு.

மார்லிஸ் சர்ச்சில் பன்னுக்கு ஹாம் நறுக்கிவிட்டு டுவேனோடு திரும்பி வந்தபோது, கார் ஜாக்கிமேல் நின்றது. நாலு சக்கரமும் சுவரில் சாய்ந்திருந்தன. மட்கார்டு காப்பி டப்பாக்களுக்குள் இருந்தது.

"லைல்!"

"பயப்படாத. மேல் துருதான்." அவர் முகத்தில் அப்படி ஓர் ஒளி. "அடுத்த கோடைக்கு ஓடிடும். ஒரே ஒரு பாகம் வரணும்."

டுவேன் ஃபிரிட்ஜ் காந்தத்தைத் தேடி உள்ளே போனான்.

மார்லிஸின் கார் இன்றைக்கும் ஷெட்டுக்குள்தான் இருக்கிறது. அவள் கேட்டது அதுதானே? பனிக்காலத்தில் விடிவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போனீர்களானால், முற்றத்தில் தொட்டியில்லாத வில்மாவின் கண்ணாடியை அடுப்படிக் கரண்டியால் ஒரு பெண் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பிறகு பிஸ்கட் தட்டின்மேல் காலை ஊன்றி ஏறுவாள். வில்மா முதல் திருகலிலேயே கிளம்பிவிடுவாள். ஜன்னலுக்குள்ளிருந்து லைல் மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். மிச்சிகன்காரன் பாடு மிச்சிகன்காரனுக்கு. போகட்டும், உங்கள் வீட்டில், மாடிப்படிக்கு அடியிலோ பரண்மேலோ, தார்ப்பாய் போர்த்தியோ பழைய வேட்டி போர்த்தியோ, ஒன்று இருக்கிறதே, அது என்ன? ஸ்கூட்டரா, தையல் மெஷினா, டேபிள் ஃபேனா? வீட்டிலுள்ளவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்களா? 'அது வேற விஷயம், அதுல பெரிய பழுது ஒண்ணும் இல்ல' என்று இப்போது ஒரு முணுமுணுப்பு வந்ததே, அது யாருடையது?

எதற்கும் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வரைக்கும் போனாலும் யாரிடமும் சொல்ல வேண்டாம். மேல் துருவாகத்தான் இருக்கும்.